1689 நத்தார் இரவு

பத்திரிகை அலுவலகங்களில் டிசெம்பர் மாதம் பிறந்ததும் ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். அதுதான் நத்தார் மலர். நான் ஆசிரிய பீடத்தில் இருந்த காலமெல்லாம் அந்த மலருக்கு வரும் கட்டுரைகளைச் செப்பனிட்டிருக்கிறேன். பெத்லகேம் மாட்டுத்தொழுவமும், விண்மீனும், மூன்று ஞானிகளும் ஆண்டுதோறும் வந்து போவார்கள். ஆனால் நமது மண்ணிலேயே, யாழ்ப்பாணப் பட்டினத்திலேயே, ஒரு நத்தார் இரவில் நிகழ்ந்ததைப் பற்றி எழுதி அனுப்பியவர் ஒருவரும் இலர். அதனை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்காளராக இருந்த சில்லாலை ஊர் நண்பர் ஒருவரே. நான் சைவன், அவர் பரம்பரைக் கத்தோலிக்கர். அவர் சொன்ன வரலாற்றைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்து அறிந்துகொண்டேன். அதனை இந்த நத்தார் காலத்தில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை 1658இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மன்னார் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின்னர் ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முடிவுற்றது. அவர்களோடு கத்தோலிக்கக் குருக்களும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கோட்டையைத் திரும்பக் கைப்பற்றுவதற்குச் சதி நடப்பதாகக் கூறி ஒல்லாந்தர் பலருக்கு மரண தண்டனை விதித்தபோது, கல்தேரா என்னும் யேசுசபைக் குரு ஒருவரும் தலை வெட்டப்பட்டார். சதியை அறிந்திருந்தும் சொல்லவில்லை என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அதே ஆண்டு செப்டெம்பரில், கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவருக்கும் அவரை மறைத்து வைப்பவருக்கும் மரண தண்டனை என்ற கட்டளை பிறந்தது.

ஒல்லாந்தக் கம்பனியின் இந்தக் கடுமைக்கு மதம் மாத்திரம் காரணமன்று. கத்தோலிக்கன் ஒவ்வொருவனையும் போர்த்துக்கேயரின் ஒற்றனாகவே கம்பனி கண்டது. கோவாவில் போர்த்துக்கேயர் இன்னும் பலத்தோடு இருந்தனர். கரையோரத்துக் கத்தோலிக்கர் அவர்களுக்குக் கதவு திறந்துவிடுவார்கள் என்ற அச்சம் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் பெரிய செலவினமாக நின்றது. கறுவாவுக்கும் யானைக்கும் முத்துக்கும் வந்தவர்கள், வேதத்தைக் காவற்படையின் வேலையாக ஆக்கிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி ஆகிய பிரிவுகளில் போர்த்துக்கேயர் கட்டியிருந்த கோவில்கள் யாவும் ஒல்லாந்தச் சபையின் வசமாயின. அவற்றில் இருந்த சுரூபங்கள் அகற்றப்பட்டன. தெல்லிப்பழை, மல்லாகம், சங்கானை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று அந்தக் கோவில்களின் படங்களையெல்லாம் பால்தேயுஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட தமது நூலில் தந்திருக்கிறார். அவர் கொடியவரல்லர். தமிழைப் படிக்க முயன்றவர். நமது ஊர்களையும் மக்களையும் உற்றுப் பார்த்து எழுதிவைத்தவர். அவருடைய நூல் இல்லையேல் அக்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர் ஊழியஞ் செய்த அமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பிலே பதியப்பட்டன. தோம்பில் பெயர் இல்லாதவனுக்குப் பிள்ளையின் உரிமையையும் முதுசொம்மையும் நிலைநாட்டுவது கடினம். பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் தண்டப்பணம் உண்டு. ஆகவே ஊரவர்கள் கோவிலுக்குப் போனார்கள், பெயரைப் பதிந்தார்கள், வீட்டுக்கு வந்து தத்தமக்கு உரியதைச் செய்தார்கள்.

சைவர்களும் அவ்வாறே செய்தனர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. விரத நாளில் உணவு உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுக்கப்படுவோம் என்று அஞ்சி, அதனை வீட்டு இறப்பிலே செருகி வைப்பார்களாம். போர்த்துக்கேயர் காலத்துக் கதையாக இது யாழ்ப்பாணத்தில் வழங்குகிறது. என் பாட்டியார் சாப்பிட்ட இலையை எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621இல் இடித்தவர்கள் கத்தோலிக்கப் போர்த்துக்கேயரே. நாற்பது ஆண்டுகள் கழியுமுன் அவர்கள் வளர்த்துவிட்டுச் சென்ற சமூகமும் இறப்பைத் தேடும் நிலைக்கு வந்தது. இலைக்குப் பதில் அவர்கள் ஒளித்தது செபமாலையை. இதை வரலாற்றின் பழிவாங்கல் என்று சொல்வோர் உளர். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. நல்லூரை இடித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். செபமாலையை ஒளித்தவன் சில்லாலையில் தோட்டஞ் செய்த ஏழை.

1658 தொடக்கம் 1687 வரை யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கு நிலையான குரு எவரும் இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளைகளையும் கண்டுவிடும் காலம் அது. கத்தோலிக்க சமயத்தின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். ஞானஸ்நானத்தை அவசர வேளையில் எவரும் கொடுக்கலாம். செபமாலையை எவரும் சொல்லலாம். ஆனால் குரு இல்லாமல் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. நத்தார் வரும், போகும். நள்ளிரவுப் பூசை எப்படியிருக்கும் என்று கிழவர்கள் சொல்லக் கேட்டதே இளையவர்களுக்கு எஞ்சியது.

இக்காலத்திலேதான் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. மாந்தையில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தங்கள் கோவிலில் இருந்த மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. இருபது குடும்பங்கள் என்பது மரபு. ஒல்லாந்தரின் கை எட்டாத இடம் தேடி அலைந்து, அவர்கள் தங்கிய இடமே மருதமடு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி ஓடியோரும் அங்கு வந்து சேர்ந்தனர். இன்று இன, மத வேறுபாடின்றி இலட்சக்கணக்கானோர் கூடும் மடுத் திருப்பதியின் தொடக்கம் ஓர் அகதி முகாம். இதை நான் அணிக்காகச் சொல்லவில்லை.

இந்த நிலையில் வந்தவரே யோசவ்வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர்; கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்து வழித்தோன்றல். 1676இல் குருவானார். இலங்கையில் குருவில்லாமல் தவிக்கும் மக்களைப் பற்றிக் கேள்வியுற்று, போகவேண்டும் என்று பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தார். ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் அவருடைய நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அடிகளார் இந்தியர். அதுவே அவருக்கு வாய்த்த வேடம். இடையில் ஒரு துண்டு, வெறுங்கால், கூலியாளின் கோலம். யோவான் என்னும் பணியாளரையும் அழைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். கடலில் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. இருவரும் பட்டினியாலும் தாகத்தாலும் சாகும் நிலையில் 1687இல் கரை சேர்ந்தனர். யாழ்ப்பாணம் வந்ததும் அடிகளாருக்கு வயிற்றுளைவு நோய் கண்டது. தெருவோரத்தில் கிடந்தவருக்கு ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில், எழுதப்படாத பெயர்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு குற்றவுணர்வு உண்டு.

நோய் தெளிந்த பின்னர் அடுத்த சிக்கல் எழுந்தது. யார் கத்தோலிக்கர்? எவரையும் வாய்விட்டுக் கேட்க முடியாது. தவறான ஆளிடம் கேட்டால் அவர் போவதோடு இடங்கொடுத்தவனும் போவான். அடிகளார் செபமாலையைக் கழுத்தில் வெளித்தெரிய அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பெரும்பாலோர் பிச்சையிட்டு அனுப்பிவிட்டனர். ஆனால் சிலர் மாலையைப் பார்த்தார்கள். கண்கள் அதன்மேல் நின்றன. அந்தப் பார்வையைக் குறித்துக்கொண்டு அவர் மறுபடியும் அவ்வீடுகளுக்குச் சென்றார். இவ்வாறு ஒரு வீட்டார் துணிந்து பேச, தாம் குரு என்பதை அவரும் வெளிப்படுத்தினார். பின்னர் அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். சில்லாலை மக்கள் கத்தோலிக்கத்தில் உறுதியானவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு அவர் இரவிலே ஊரூராகச் சென்றார். இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டார்; விடியுமுன் பூசை செய்தார்; பகலில் மறைந்திருந்தார். தமிழையும் கற்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்தது. ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டாமல் இல்லை. ஒரு குரு உலாவுகிறார் என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. தேடி வந்த சிப்பாய்களின் கண்ணுக்கு அவர் புலப்படாமற் போனார் என்று பக்தி நூல்கள் எழுதும். நம்புவோர் நம்பட்டும். நான் செய்தியாளன், எனக்கு அதைவிட வியப்பாகத் தெரிவது வேறொன்று. மரண தண்டனை தலைக்குமேல் தொங்கிய வேளையில், இத்தனை வீடுகள், இத்தனை ஊர்கள், இத்தனை வாய்கள் மூடியே இருந்திருக்கின்றன. ஓர் ஊரில் ஓர் இரகசியம் எத்தனை நாள் நிற்கும் என்பது யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தெரியாததன்று.

1689ஆம் ஆண்டு நத்தார் வந்தது. அடிகளாரைப் பிடிக்கும் ஆணைக்குக் காரணராக அவரது வரலாற்றை எழுதியோர் சுட்டுவது, கம்பனியின் உயர் ஆணையாளராக இப்பகுதிகளுக்கு வந்த ஹென்றிக் வான் ரேடே என்பவரை. இந்தப் பெயரைத் தாவரவியல் படித்தவர்கள் அறிவர். மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலை உருவாக்கியவர் அவரே. அந்த நூலின் தொடக்கப் பணியில் அவருக்குத் துணைநின்றவர்களுள் மத்தேயு என்னும் கார்மேல் சபைக் கத்தோலிக்கத் துறவியும் ஒருவர். கொச்சியில் கத்தோலிக்கத் துறவியோடு உட்கார்ந்து இலைகளையும் பூக்களையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருவைத் தேட ஆளனுப்பினார். மனிதரை ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது என்பதற்கு இவரையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

சிப்பாய்கள் அந்த இரவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. மற்ற நாட்களில் இருபது பேர் ஒரு வீட்டில், முப்பது பேர் இன்னொரு வீட்டில் என்று பிரிந்து கூடுவார்கள். நத்தார் இரவில் எவரும் வீட்டில் தங்கமாட்டார்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் பூசை காணாத மக்கள் அல்லவா? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். பூசைக்கென ஆயத்தஞ் செய்யப்பட்டிருந்த வீடுகளுக்குள் சிப்பாய்கள் புகுந்தனர். பீடத்தில் இருந்த திருப்பொருட்கள் சிதைக்கப்பட்டன. பிடிபட்டோர் ஏறக்குறைய முந்நூறு பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பெண்கள் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ஆண்களிற் பலருக்குத் தண்டப்பணமும் கசையடியும் கிடைத்தன.

அவர்களுள் தொம் பேதுரு என்று நூல்கள் பெயரிடும் ஒருவர் இருந்தார். ஒல்லாந்தரின் கல்வினியச் சபையிலிருந்து விலகிக் கத்தோலிக்கத்தைத் தழுவியவர். ஆகையால் அவர்மீது ஆட்சியாளரின் சினம் இரட்டிப்பாயிற்று. அவரைச் சாகும்வரை அடித்தார்கள். வேறு சிலர் விலங்கிடப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டு, அந்த நிலையிலேயே இறந்தனர் என்று அடிகளாரின் வரலாற்றிலிருந்து அறிகிறோம். இந்த வரலாறுகளில் மிகப் பழையது, கோவாவைச் சேர்ந்த செபஸ்தியான் தோ றேகோ எழுதி 1745இல் வெளிவந்த போர்த்துக்கேய நூல். ஒல்லாந்தரின் ஆவணங்களையும் பின்வந்த ஆய்வாளர்கள் துருவிப் பார்த்திருக்கின்றனர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் இந்தக் காலத்தைப் பற்றி எழுதியுள்ளார்.

அடிகளார் அகப்படவில்லை. யாரைப் பிடிக்க வந்தார்களோ அவரைத் தவிர மற்ற எல்லாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த இரவுக்குப் பின்னர் அவருடைய மனநிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம்மைத் தேடி வந்ததால் முந்நூறு வீடுகளில் அழுகுரல். தம்மால் ஒருவர் அடிபட்டுச் செத்தார். இனி யாழ்ப்பாணத்தில் தங்குவதென்றால் இன்னும் எத்தனை பேர்? அவர் வன்னி வழியாகப் புத்தளம் சென்றார். அது 1690. புத்தளம் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே கத்தோலிக்கர் ஒளிந்து வாழவேண்டிய தேவை இருக்கவில்லை. 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று யாரோ கோள்சொல்ல, இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். ஆனால் பௌத்தனான அந்த அரசன் நாளடைவில் அவரது ஒழுக்கத்தைக் கண்டு சுதந்திரமாக நடமாடவிட்டான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, பெற்றவரும் பிள்ளைகளும் நோயாளரைக் காட்டிலே விட்டு ஓடினார்கள். அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தவர் அடிகளாரே. இன்னார் இன்ன சமயத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு இடங்கொடுத்தது என்பது இந்நாட்டு வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்பட வேண்டிய செய்தி. இன்றைய அரசியல் மேடைகளில் வரலாறு பேசுவோர் இதனைத் தொடுவதே இல்லை.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? அந்த அடியோடு எல்லாம் அடங்கிப்போயிருக்க வேண்டும். கம்பனியும் அப்படித்தான் எண்ணியது. அடங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் அடிகளார் ஏற்படுத்திய ஒழுங்கு. ஒவ்வொரு சிற்றூரிலும் மூப்பர் ஒருவர், அண்ணாவியார் ஒருவர் என நியமித்திருந்தார். மூப்பர் சமூகத்தின் காரியங்களைக் கவனிப்பவர். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிறுகளில் மக்களைக் கூட்டி வாசிப்பவர். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, ஊர் நடந்துகொண்டே இருந்தது. ஒரு தலைவரைப் பிடித்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் அரசுகளுக்கு இது விளங்குவதில்லை.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்த ஒழுங்குக்கு நூல்களைக் கொடுத்தார். அவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவை ஓலையிலே படியெடுக்கப்பட்டு ஊரூராகச் சென்றன. அவரது வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்தில் வாசிக்கும் வழக்கம் நமது கத்தோலிக்க ஊர்களில் நெடுங்காலம் நிலைத்தது. குரு இல்லாத கோவிலில், ஓலையை விரித்து வைத்துக்கொண்டு, அண்ணாவியார் இராகத்தோடு வாசிப்பார், மக்கள் அழுவார்கள். தடைசெய்யப்பட்ட ஒரு சமயம் தமிழ் உரைநடைக்குச் சேர்த்த செல்வம் இது. இலக்கிய வரலாறு எழுதுவோர் ஓரிரு வரிகளில் கடந்து போவது வருத்தத்துக்குரியது.

யோசவ்வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். ஒல்லாந்தர் 1795இல் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஆங்கிலேய ஆட்சி நீக்கியது 1806இல். இறப்பில் செருகியிருந்ததை எல்லாரும் வெளியே எடுத்தனர். தோம்புகளில் பதியப்பட்டிருந்த ஒல்லாந்தச் சபைக் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள்ளே காணாமற் போயினர். சிலர் சைவர்களாகவும் சிலர் கத்தோலிக்கர்களாகவும் வெளிப்பட்டனர். கோட்டைக்குள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய அழகான சிலுவைக் கோவில் அதன்பின்னும் நெடுங்காலம் நின்றது. 1990இல் கோட்டையைச் சூழ்ந்து நடந்த சண்டைக் காலத்தில் அதுவும் கற்குவியலாயிற்று. நான் அதனை முழுதாக நின்றபோதும் பார்த்திருக்கிறேன், குவியலாகவும் பார்த்திருக்கிறேன். அடித்தவன் கோவில் என்று எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

ஒப்புநோக்காள நண்பர் இந்தக் கதையை எனக்குச் சொன்ன ஆண்டு 1995. அந்த ஜூலையில் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. டிசெம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்கு வந்தபோது அங்கே மக்கள் இல்லை. நாங்கள் கொழும்பில் செய்தித் தணிக்கையின் கீழே பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். நத்தார் மலர் வேலை அவ்வாண்டும் வந்தது. நண்பர் சில்லாலையில் இருந்த தம் சகோதரி குடும்பத்தைப் பற்றித் தகவல் இன்றித் தவித்துக்கொண்டிருந்தார். பெத்லகேம் கட்டுரைகளை ஒப்புநோக்கிக் கொண்டிருந்தவர், திடீரெனப் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும், எங்கட ஊர் நத்தார் ஒன்று சொல்லுறன், கேட்கிறீரா?" என்றார். அச்சுக்கூடத்துப் பொறிகளின் இரைச்சலுக்கு மத்தியில், தொம் பேதுருவை அடித்துக் கொன்ற கதையைச் சொன்னார். மலரிலே போடலாமே என்றேன். "இந்த வருஷம் வேண்டாம். சனம் தாங்காது" என்றார்.

நத்தார் கழிந்து பல வாரங்களின் பின்னர், செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் சகோதரியின் கடிதம் வந்து சேர்ந்தது. கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு மரத்தடியில் இருந்தார்கள். கடிதத்தை எனக்கும் வாசித்துக் காட்டினார். அதன் சாரத்தை நான் இன்றும் மறக்கவில்லை. நத்தாரன்று அயலில் இருந்த நாற்பது குடும்பங்கள் சேர்ந்து பாலன் குடில் கட்டினார்களாம். ஓலை கிடைக்கவில்லை, யு.என்.எச்.சி.ஆர். கொடுத்த நீலத் தறப்பாளில் ஒரு துண்டை வெட்டிக் கூரை போட்டார்கள். பாலன் சுரூபம் ஒருவரிடமும் இல்லை. அந்த முகாமில் மூன்று நாட்களுக்கு முன் பிறந்த ஒரு குழந்தையைத் தாயோடு கொண்டுவந்து குடிலருகில் இருத்தினார்கள். சுவாமியார் வேறு முகாமுக்குப் போயிருந்தார், வரமுடியவில்லை. ஊரில் அண்ணாவியாராக இருந்த கிழவர் செபமாலை சொல்லிக்கொடுத்தார். "அண்ணை, பூசை இல்லாட்டியும் நத்தார் நடந்தது" என்று எழுதியிருந்தாள் அந்தச் சகோதரி.

கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்றைப் பிரித்துச் சொல்வார்கள். நாம் அன்றாடப் பேச்சில் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாகவே வழங்குகிறோம். அவை வெவ்வேறு என்பது எனக்கு அந்தக் கடிதத்தைக் கேட்டபோதுதான் விளங்கிற்று. கடவுள் இருக்கிறார் என்று கொள்வது ஒன்று. அடுத்த நத்தாருக்கும் இருப்போம் என்று தறப்பாளை வெட்டுவது வேறொன்று.

அதன் பின்னரும் நத்தார்கள் இரத்தம் படிந்தே வந்தன. 2005 நத்தார் இரவில் மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில், நள்ளிரவுப் பூசை வேளையில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் முன்னர் பத்திரிகையாளராக இருந்தவர். சந்தேகத்தின் பேரில் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 2021இல் விடுவிக்கப்பட்டனர். கொன்றவர் எவரும் இதுவரை தண்டனை பெறவில்லை. 2008 ஏப்ரலில், போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670இல் மாந்தையிலிருந்து நடந்த அதே வேலை. ஒகஸ்ட் மாதத்தில் சுரூபம் திரும்பியது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலும், ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து திரிந்த ஒரு குருவின் நினைவோடு தொடங்கியதாகவே மரபு சொல்கிறது. அவ்வாண்டு நத்தாருக்கு நாட்டின் கோவில்களின் வாசல்களில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். பூசைக்கு வந்தவர்களின் பைகளைச் சோதித்து உள்ளே அனுப்பினார்கள். 1689இல் வந்த சிப்பாய்களை நினைத்துக்கொண்டேன்.

யோசவ்வாஸ் அடிகளாருக்கு 1995 ஜனவரியில் கொழும்பில் முத்திப்பேறு அளித்தவர் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்கும் சென்றார். ஒப்புநோக்காள நண்பர் அதைக் காண உயிரோடு இல்லை. அவருடைய சகோதரி சில்லாலையிலிருந்து பஸ்ஸில் மடுவுக்கு வந்திருந்தார். கூட்டத்தில் எங்கோ பின்னால் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். கிளிநொச்சிக் குடிலில் கிடத்திய குழந்தையைப் பற்றி விசாரித்தேன். அந்தப் பையன் வளர்ந்துவிட்டானாம். அவனும் மடுவுக்கு வந்திருந்ததாகவும், தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு சனத்துக்குக் கொடுத்துத் திரிந்ததாகவும் சொன்னார்.